பள்ளிவாசல் குளத்தில் நாம் விட்ட இரண்டு தவளைகள்



கடந்த ஐப்பசி மாதத்து மழை நாளொன்றில், மஃரிப் தொழுகைக்குப் பின் மக்தப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக் கொண்டிருந்தோம். மழைக்கு ஒதுங்கிய தவளை ஒன்று வகுப்பறையின் வாசற்படியில் வந்து அமர்ந்தது. ஒன்பது வயது மாணவன் ஒருவன், நாம் கவனியாத நேரத்தில் எழுந்து சென்று, நோன்புக் கஞ்சி காய்ச்சும் கொட்டகையிலிருந்து ஒரு கை கல்லுப்பை அள்ளி வந்தான். உப்பைப் போட்டால் தவளை ஓடிவிடும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நாம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினோம். பிறகு பிள்ளைகள் அனைவரையும் அழைத்து, மருத்துவர் ஒருவர் மருந்தில் சேர்ப்பதற்காகத் தவளையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதையும், அதைக் கொல்ல வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்ததையும் எடுத்துரைத்தோம். அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் பதிவான செய்தி அது. நமது ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் தவளை உண்ணத் தகாததாக இருப்பதற்கும் இதனையே அறிஞர்கள் ஆதாரம் காட்டுவர். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டனர். தவளையும் தாவிச் சென்றுவிட்டது.

பாடம் முடிந்தது என்று நாம் எண்ணிய வேளையில், பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி கை உயர்த்தினாள்.

“உஸ்தாத், வெளிநாட்டுல தவளைங்க எல்லாம் நோய் வந்து கூட்டங்கூட்டமா செத்துப் போச்சாம். எங்க ஸ்கூல் டீச்சர் சொன்னாங்க. அப்போ அதுங்களைக் கொன்னது யாரு?”

“நோய் அல்லாஹ்வின் நாட்டப்படி வருவது. அதற்கு மனிதன் என்ன செய்வான்?” என்றோம்.

“மனுஷங்கதான் அந்த நோயை ஊர் ஊரா கொண்டு போனாங்கன்னு டீச்சர் சொன்னாங்களே, உஸ்தாத்?”

“நேரமாகிறது, ஓதும்மா” என்று சொல்லி முடித்துவிட்டோம். அவள் முகம் தெளியவில்லை. தலையைக் குனிந்து ஓதத் தொடங்கினாள். அந்தக் குனிந்த தலை நம்மை இரவெல்லாம் உறுத்தியது. பதில் தெரியாத இடத்தில் களா கத்ரை எடுத்து வாயை அடைப்பது கல்வி ஆகாது என்பதை இத்தனை ஆண்டு பாடம் நடத்திய பிறகும் நாம் மறந்திருந்தோம். அவளுடைய கேள்விக்கு முறையான விடை தேட வேண்டும் என்று அன்றிரவே முடிவு செய்து, அடுத்து வந்த வாரங்களில் கிடைத்தவற்றைப் படித்தோம். படித்ததையும், படிக்கும்போது நம்மைப் பற்றியே நாம் அறிந்துகொண்டதையும் இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

தோலில் இறங்கும் நோய்

அந்த நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை. கைட்ரிட் என்னும் பழமையான பூஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் செத்துக் கிடந்த தவளைகளின் தோலில் இது இருப்பதை 1998-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் வெளியிட்டனர். மறு ஆண்டு, பத்ராகோகைட்ரியம் டென்ட்ரோபட்டிடிஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். நீரில் நீந்தும் நுண்ணிய வித்துகளை அது வெளியிடுகிறது. ஒற்றை வால் கொண்ட அவ்வித்துகள் தவளையின் தோலைத் துளைத்து உள்ளே தங்கிப் பெருகுகின்றன.

தோல் நோய்தானே, அதனாலா உயிர் போகும் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் தவளைக்குத் தோல் என்பது நமக்கிருப்பதைப் போன்ற வெறும் போர்வை அன்று. தவளை நம்மைப் போல் வாயால் நீர் அருந்துவதில்லை. தோலின் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சின் ஒரு பகுதியையும் தோலே ஏற்கிறது. இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் முதலிய உப்புகள் சரியான அளவில் நிற்பதும் தோலின் காவலால்தான். பூஞ்சை பெருகியதும் இந்தக் காவல் குலைகிறது. உப்புகளின் அளவு இரத்தத்தில் சரிகிறது; முடிவில் இதயம் நின்றுவிடுகிறது. 2009-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று ஆஸ்திரேலியாவின் பச்சை மரத் தவளைகளிடம் இதனைப் படிப்படியாகக் காட்டியது. அன்று அச்சிறுவனின் கையிலிருந்த உப்பை நினைத்துக்கொண்டோம். அந்தத் தோலுக்கு ஒரு பிடி உப்பே பெருந்துன்பம். இப்பூஞ்சையோ, உள்ளிருக்கும் உப்பையே இழக்கச் செய்து கொல்கிறது.

மற்றுமொரு செய்தி நம்மைத் திகைக்க வைத்தது. இப்பூஞ்சை கெரட்டின் என்னும் பொருள் உள்ள தோலையே பற்றுகிறது. தலைப்பிரட்டைப் பருவத்தில் அப்பொருள் வாய்ப்பகுதியில் மட்டுமே இருப்பதால், குஞ்சு பெரும்பாலும் சாவதில்லை. நோயைச் சுமந்தபடி நீந்துகிறது. வளர்ந்து, கால் முளைத்து, உடலெங்கும் தோல் மாறும் நாளில் நோய் உடல் முழுதும் பரவுகிறது. கரையேறும் நாளே பல தவளைகளுக்கு இறுதி நாளாகிவிடுகிறது.

பனாமாவின் பொன் தவளை

இந்நோய் என்ன செய்யும் என்பதை அறிய மத்திய அமெரிக்காவின் பனாமா நாட்டைப் பார்த்தால் போதும். அணைந்துபோன எரிமலையின் வாய்க்குள் அமைந்த எல் வாயே என்னும் ஊரைச் சுற்றியுள்ள மலையோடைகளில் பொன் நிறத் தவளை ஒன்று வாழ்ந்தது. அந்நாட்டின் தேசியச் சின்னங்களுள் அதுவும் ஒன்று. லாட்டரிச் சீட்டில்கூட அதன் படம் உண்டு. அருவியின் இரைச்சலில் குரல் கேளாது என்பதால், அது முன்னங்காலை உயர்த்தி அசைத்து மற்றத் தவளைகளுக்குச் சைகை காட்டும். படைத்தவன் எந்த உயிரையும் அதன் இடத்துக்கேற்ற மொழியின்றி விட்டுவிடவில்லை.

1980-களின் இறுதியில் கோஸ்டாரிக்காவின் மலைகளில் தவளைகள் மறையத் தொடங்கின. பிறகு அந்தச் சாவு மலைத்தொடர் வழியாகக் கிழக்கு நோக்கி ஓர் அலையைப் போல நகர்ந்தது. கேரன் லிப்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அதன் திசையைக் கணித்து, நோய் வந்து சேரும் முன்பே பனாமாவின் எல் கோபே காட்டில் தம் குழுவினருடன் தவளைகளை எண்ணத் தொடங்கினார். 2004-ஆம் ஆண்டு நோய் அங்கே வந்தது. சில மாதங்களில் ஓடைக் கரையெங்கும் சடலங்கள் கிடந்தன. அக்காட்டில் அறியப்பட்டிருந்த 74 நீர்நில வாழ் இனங்களில் 30 இனங்கள் இல்லாமற் போயின. 2006-இல் நோய் எல் வாயேயை எட்டியது. காட்டிலிருந்து அவசரமாகப் பிடித்து வரப்பட்ட தவளைகளுக்கு முதலில் இடம் கிடைத்தது அவ்வூர் விடுதி ஒன்றின் அறைகளில்தான். ஏறத்தாழ 2009-ஆம் ஆண்டு முதல் பொன் தவளை காட்டில் அற்றுப்போனதாகவே கருதப்படுகிறது. இன்று அது காப்பகங்களின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வாழ்கிறது.

2019-ஆம் ஆண்டு வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, இந்நோயால் குறைந்தது 501 இனங்கள் நலிந்தன என்றும், அவற்றுள் 90 இனங்கள் அடியோடு அற்றுப்போயிருக்கக்கூடும் என்றும் கூறியது.

‘தவளைதானே!’ என்று நாம் கடந்துவிடலாமா? எல் கோபேயில் தவளைகள் மறைந்த பின் அவற்றை உண்டு வாழ்ந்த பாம்பினங்கள் குறைந்தன. அதைவிட நம்மை உலுக்கிய செய்தி 2022-இல் வெளியானது. கோஸ்டாரிக்காவிலும் பனாமாவிலும் தவளைகள் மடிந்த பகுதிகளில், அடுத்து வந்த ஆண்டுகளில் மனிதர்களிடையே மலேரியா கூடியது. உச்சத்தில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு ஏறத்தாழ ஒருவர் என்ற அளவில் கூடுதலாக நோயுற்றனர். தலைப்பிரட்டைகள் கொசுப்புழுக்களையும், தவளைகள் கொசுக்களையும் தின்று வந்தன. அந்தத் தடை நீங்கியதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஓடைக் கரையில் சைகை காட்டிய ஒரு சிறு உயிர் போனதற்கும், தொலைவில் ஒரு வீட்டில் காய்ச்சலில் நடுங்கிய குழந்தைக்கும் இடையே இப்படியொரு தொடர்பு இருந்திருக்கிறது. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்துடைய அல் அன்ஆம் அத்தியாயத்தின் 38-ஆவது வசனத்தை எத்தனை முறை ஓதியிருப்போம்! அதன் பொருளை இப்படி ஒருநாளும் சிந்தித்ததில்லை.

படத்தில் இருந்த தவளை

இனி, அம்மாணவி கேட்ட கேள்விக்கு வருவோம். கொண்டு போனது யார்?

பூஞ்சைக்குச் சிறகில்லை, கடலைத் தாண்டும் வலிமையும் இல்லை. 2018-இல் வெளியான மரபணு ஆய்வு, அதன் தாயகம் கிழக்கு ஆசியா, குறிப்பாகக் கொரியத் தீபகற்பம் என்று காட்டியது. கடந்த நூறாண்டு அளவில்தான் அது உலகமெங்கும் பரவியிருக்கிறது. மனிதர்கள் உயிருள்ள தவளைகளைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி விற்ற காலமும் அதுவே. இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்பட்ட அமெரிக்கக் காளைத் தவளையும், வீட்டில் வளர்க்க விற்கப்பட்ட அழகுத் தவளைகளும் நோயைச் சுமந்து சென்றன.

இவற்றோடு ஆப்பிரிக்க நகத் தவளையும் சேரும். 1930-களில் லான்சலாட் ஹாக்பென் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானியின் ஆய்விலிருந்து ஒரு பரிசோதனை உருவாயிற்று. பெண்ணின் சிறுநீரை இத்தவளைக்கு ஊசி மூலம் செலுத்துவார்கள். அப்பெண் கருவுற்றிருந்தால் ஒரு நாளைக்குள் தவளை முட்டையிடும். இதற்காகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆயிரக்கணக்கில் இத்தவளைகள் பல நாடுகளின் மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டன. 1938-இல் பிடித்துப் பாதுகாக்கப்பட்ட இத்தவளை ஒன்றின் தோலிலும் பூஞ்சை காணப்பட்டது. இத்தவளையைப் பூஞ்சை பெரும்பாலும் கொல்வதில்லை. வெளியே நலமாகத் தெரிந்துகொண்டே நோயைப் பிறவற்றுக்குத் தரக்கூடியது. மருந்துக்காகத் தவளையைக் கேட்ட மருத்துவரை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆயினும் இதை ஓர் அறிவியல் அற்புதமாக மேடையில் முழங்க நாம் விரும்பவில்லை. நபியவர்கள் ஓர் உயிரைக் காத்தார்கள். நாம் கீழ்ப்படிய அதுவே போதும்.

அப்பக்கத்தில் நகத் தவளையின் படம் ஒன்று இருந்தது. வெள்ளை உடல், சிவந்த சிறு கண்கள், பின்னங்கால் விரல்களில் கறுத்த நகங்கள். நாம் படிப்பதை நிறுத்திவிட்டோம். அந்தத் தவளையை நாம் அறிவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் மகன் மீன் வளர்க்க ஆசைப்பட்டு நகரத்துக் கடையொன்றில் கண்ணாடித் தொட்டி வாங்கினான். வண்ண மீன்களோடு, அதே வெள்ளைத் தவளைகள் இரண்டையும் கடைக்காரர் கொடுத்தார். கல்லூரி விடுதிக்கு மகன் சென்ற பின் தொட்டியைப் பராமரிக்க ஆளில்லை. ‘உயிரைக் கண்ணாடிக்குள் அடைத்து வைப்பானேன், விடுதலை செய்தால் நன்மை கிடைக்கும்’ என்று எண்ணி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவ்விரு தவளைகளையும் தொட்டித் தண்ணீரோடு பள்ளிவாசல் குளத்தில் ஊற்றினோம். ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லித்தான் ஊற்றினோம். அன்று மனம் நிறைவாக இருந்தது.

அவ்விரண்டிலும் நோய் இருந்ததா என்று ஒருவரும் சோதிக்கவில்லை. ஆனால் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை என்பதுதான் நம் குற்றம். நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களிடம் ஓட்டிச் செல்லக் கூடாது என்ற நபிமொழியைப் புகாரி, முஸ்லிம் நூல்களிலிருந்து பிள்ளைகளுக்கு நடத்தியவர்கள் நாம். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கே இருப்பவர் அஞ்சி ஓடவும் வேண்டாம் என்ற அறிவுரையைக் கொரோனா காலத்தில் மிம்பரில் நின்று விளக்கியவர்களும் நாம்தாம். ஒட்டகத்துக்குச் சொன்னதைத் தவளைக்குப் பொருத்திப் பார்க்க நம் அறிவு எட்டவில்லை.

ஸர்க்கில் திரும்பிய கலீஃபா

அன்று வகுப்பில் விதியைச் சொல்லி முடித்தோமே, அதற்கான மறுப்பும் நாம் நடத்தும் பாடத்திலேயே இருந்தது. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, ஸர்க் என்னும் இடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. கலந்தாலோசித்து, திரும்புவதென்று முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து விலகி மற்றொரு விதியிடமே செல்கிறோம் என்னும் பொருள்பட உமர் (ரலி) விடையளித்தார்கள். செழித்த கரையிலும் வறண்ட கரையிலும் ஒட்டகத்தை மேய்க்கும் மனிதனை உவமையாகக் காட்டினார்கள். எங்கே மேய்த்தாலும் விதிப்படியே. ஆயினும் கரையைத் தேர்வது மேய்ப்பவன் பொறுப்பு.

நோய் அல்லாஹ்வின் படைப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. அதைக் கடல் கடத்திய கப்பல் நம்முடையது. கண்ணாடித் தொட்டியும் நம்முடையது.

நல்லெண்ணத்தோடு செய்த தவறுக்கு நம் கதை மட்டும் சான்று அன்று. ஸ்பெயின் நாட்டின் மயோர்க்கா தீவில் அரிய தேரை இனம் ஒன்று உண்டு. அதனைக் காப்பாற்றுவதற்காகவே அடைத்து வளர்த்து, 1991-இல் தீவின் ஓடைகளில் விட்டனர். வளர்த்த இடத்தில் தென்னாப்பிரிக்க நகத் தவளை இனமொன்றும் இருந்திருக்கிறது. அதனிடமிருந்து தேரைகளுக்குத் தொற்றிய பூஞ்சை அவற்றோடு தீவுக்குள் நுழைந்துவிட்டது என்பதைப் பின்னாளில் கண்டறிந்தனர். காக்கச் சென்றவர்களே நோயைக் கொண்டு சென்றிருந்தனர்.

அவர்கள் அதை மறைக்கவில்லை, விட்டுவிடவும் இல்லை. குளங்களிலிருந்த தலைப்பிரட்டைகளை எல்லாம் பிடித்துச் சென்று பூஞ்சைக்கொல்லி மருந்தில் இட்டுக் குணப்படுத்தினர். திரும்ப விட்டபோது நோய் மீண்டும் வந்தது. பிறகு குளங்களை வற்றச் செய்து, பாறைகளையும் கிருமிநாசினியால் கழுவி, மறுபடி விட்டனர். அதன் பிறகே பெரும்பாலான குளங்களில் நோய் நீங்கியது. 2015-இல் இதனை வெளியிட்டனர். காட்டிலுள்ள தவளைகளிடமிருந்து இப்பூஞ்சையை அகற்ற முடிந்த முதல் வெற்றி அது. ஆஸ்திரேலியாவில் மற்றொரு வழி கண்டுள்ளனர். இப்பூஞ்சை குளிர்ச்சியை விரும்புவது. வெப்பம் ஏறினால் தாங்காது. துளையுள்ள செங்கற்களைக் கறுப்பு வண்ணம் பூசி, சிறு பசுமைக்குடிலுக்குள் அடுக்கி வைக்கின்றனர். தவளைகள் தாமாகவே அத்துளைகளுக்குள் புகுந்து வெப்பம் காய்ந்து நோய் தீர்கின்றன; மறுமுறை நோயைத் தாங்கும் வலிமையும் பெறுகின்றன. 2024-இல் வெளியான ஆய்வு இது.

நம்மால் ஆவது

மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளிலும் இப்பூஞ்சை காணப்பட்டுள்ளது. பனாமாவில் நேர்ந்தது போன்ற பெருஞ்சாவு இங்கே பதிவாகவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் வேறு வகைப் பூஞ்சையை நாமே கொண்டு வந்து கலந்துவிடக் கூடாது. அதற்குச் செய்ய வேண்டியவை எளியவை. கடையில் வாங்கிய மீனையோ ஆமையையோ தவளையையோ குளத்திலும் ஆற்றிலும் விடாதீர்கள். வளர்க்க இயலாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். தொட்டித் தண்ணீரை நீர்நிலையில் ஊற்றாதீர்கள். ஒரு குளத்துத் தலைப்பிரட்டையைப் புட்டியில் பிடித்து மற்றொரு குளத்தில் விடும் விளையாட்டிலிருந்து பிள்ளைகளைத் தடுத்துவிடுங்கள். மலையோடைகளுக்குச் சுற்றுலா சென்றால், செருப்பிலும் காலணியிலும் ஒட்டிய சேற்றைக் கழுவி, நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே வேறு ஓடைக்குள் இறங்குங்கள். உலர்ந்தால் இப்பூஞ்சை பிழைப்பதில்லை.

குளத்தில் விட்டவற்றை நாமும் தேடினோம். கோடையில் நீர் வற்றியபோது, மூத்த மாணவர்களோடு வலை போட்டு இரண்டு நாள் அலசினோம். கெண்டையும் கெளுத்தியும் கிடைத்தன. வெள்ளைத் தவளைகள் கிடைக்கவில்லை.

அதற்கு முன்பே, படித்து முடித்த வாரத்தில், அதே வகுப்பில் அதே பிள்ளைகளின் முன் நின்று, “அன்று உங்கள் சகோதரி கேட்டது சரியான கேள்வி, நாம் சொன்ன பதில் தவறு” என்று கூறினோம். பனாமாவையும் மயோர்க்காவையும் சொன்னோம். கண்ணாடித் தொட்டியையும் மறைக்காமல் சொன்னோம். வகுப்பு அமைதியாக இருந்தது. உப்பு அள்ளி வந்த சிறுவன்தான் முதலில் பேசினான்.

“உஸ்தாத், நீங்க தெரியாமத்தானே விட்டீங்க?”

“ஆமாம். நீயும் தெரியாமல்தான் உப்பை எடுத்து வந்தாய். இப்போது இருவருக்கும் தெரியும்” என்றோம்.

அந்த மாணவி இம்முறை தலை குனியவில்லை. “குளத்துல தவளை சத்தம் கேக்குதான்னு தினமும் பார்த்துச் சொல்லட்டுமா, உஸ்தாத்?” என்று கேட்டாள். சரி என்றோம். அன்று முதல் அவளும் இரண்டு தோழியரும் மஃரிபுக்கு வரும்போது குளக்கரையில் நின்று கேட்டுவிட்டு, வகுப்பின் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்து வைக்கிறார்கள். இந்த மழையிலும் தவளைகள் கத்துகின்றன என்றே அதில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்த பிறகே நாம் பாடத்தைத் தொடங்குகிறோம்.

அறிந்தும் அறியாமலும் பிற உயிர்களுக்கு நாம் இழைத்த தீங்குகளை வல்ல ரஹ்மான் மன்னிப்பானாக! நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு முன் பணிந்து நிற்கும் உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.